கட்டணம் இல்லை, குழாய் இல்லை, கழிப்பறை இல்லை: நியூயார்க் மாநிலக் காட்டில் கூடாரம் போட முழுமையான வழிகாட்டி

முன்பதிவு செய்யாமல், ஒரு டாலர்கூடக் கட்டாமல், யாரிடமும் கேட்காமல் நியூயார்க் மாநிலத்தில் காட்டுக்குள் போய்க் கூடாரம் போட்டுத் தூங்கலாம் என்று சொன்னால், நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரத்திலும் இருக்கும் நம்மவர்கள் பலர் நம்புவதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது மாநிலப் பூங்கா. இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும். போனால் மேசையும் குழாயும் கழிப்பறையும் இருக்கும். பக்கத்துக் கூடாரத்தின் பாட்டும் சேர்ந்து வரும். மாநிலக் காடு என்பது வேறு. நியூயார்க்கில் அப்படி ஏறத்தாழ 8 லட்சம் ஏக்கர் இருக்கிறது. மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை பார்த்துக்கொள்கிறது. வசதி என்று எதுவும் கிடையாது, கூட்டமும் கிடையாது.

இந்த வழிகாட்டிக்கு இதாக்கா நகருக்குத் தெற்கே இருக்கும் டான்பி மாநிலக் காட்டை எடுத்துக்கொள்கிறேன். 7,000 ஏக்கருக்கு மேல் பரப்பு, மேடும் பள்ளமுமான நிலம், நடுவே ஃபிங்கர் லேக்ஸ் நடைபாதை போகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு அரை மணி நேரக் கார்ப் பயணம். நியூயார்க் நகரத்திலிருந்து நான்கைந்து மணி நேரம். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அம்மாநிலத்தின் தென்பகுதி மலைக்காடுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை முகாமில் விலை உயர்ந்த கருவிகளால் ஆவது கொஞ்சம்தான். எந்த ஏழடி நிலத்தில் படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கால்வாசி விஷயம். அதனால் அந்தப் பகுதியை நீட்டியும் மற்றவற்றைச் சுருக்கியும் எழுதியிருக்கிறேன்.

விதிகள்: சில எண்கள் போதும்

சாலை, நடைபாதை, ஊற்று, ஓடை, குளம் எதுவானாலும் அதிலிருந்து 150 அடிக்குள் கூடாரம் போடக் கூடாது. இங்கே முகாமிடலாம் என்று துறையே வட்டத் தகடு அடித்து அடையாளம் காட்டிய இடங்கள் மட்டும் விதிவிலக்கு. ஒன்பது பேர் வரை, ஒரே இடத்தில் மூன்று இரவுகள் வரை அனுமதி தேவையில்லை. பத்துப் பேர் ஆகிவிட்டாலோ நான்காவது இரவு தங்க வேண்டுமானாலோ வன ரேஞ்சரிடம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நம் ஆட்கள் நான்கு குடும்பமாகக் கிளம்பினால் பத்து எளிதில் தாண்டிவிடும். குழந்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஃபிங்கர் லேக்ஸ் பாதையில் ஆங்காங்கே மூன்று பக்கம் மரச்சுவரும் ஒரு பக்கம் திறப்புமாகச் சாய்கூரைக் குடில்கள் உண்டு. டான்பியில் டாமராக் குடிலும் செஸ்ட்நட் குடிலும் இருக்கின்றன. முதலில் வந்தவருக்கே என்று அர்த்தமில்லை, இடம் இருக்கும்வரை பின்னால் வருபவருக்கும் ஒதுங்கி இடம் தர வேண்டும். மழைக்கு நல்லவைதான், ஆனால் எலிகளுக்கும் அது தெரியும்.

எப்போது போவது

என் தேர்வு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. கொசு குறைந்திருக்கும், மேப்பிள் இலைகள் நிறம் மாறும், பகல் நடக்க இதமாக இருக்கும். மே முதல் ஜூலை வரை இளம் உண்ணிகளின் காலம்; அதைப் பற்றிக் கடைசியில் விரிவாக வருகிறது.

மாநிலக் காட்டில் வேட்டைக்கும் உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். மே மாதம் முழுவதும் காலை முதல் நண்பகல்வரை வான்கோழி வேட்டை. நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை தென்மண்டலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. அந்த வாரங்களில் புதியவர்கள் போகாமல் இருப்பதே நல்லது. மற்ற இலையுதிர்கால நாட்களிலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். அதே பருவத்தில் பாதையின் தனியார் நிலப் பகுதிகள் சில மூடப்படும்.

வீட்டிலிருந்தே நிலத்தைப் படிப்பது

இந்தக் காடுகள் ஆதிக்காடுகள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மேடுகள் முழுக்க மரம் வெட்டி விவசாயம் செய்த நிலங்கள். மண்ணுக்கு அடியில் ஓரிரு அடி ஆழத்திலேயே இறுகிப்போன ஒரு படலம் இருக்கிறது. வேரும் அதைத் துளைக்காது, தண்ணீரும் உள்ளே இறங்காது. வசந்தத்தில் வயல் சேறாகும், கோடையில் காய்ந்துபோகும். பண்ணைகள் நொடித்தன, குடும்பங்கள் வெளியேறின. 1929-இல் நியூயார்க் ஒரு மறுவனமாக்கல் சட்டம் கொண்டுவந்து கைவிடப்பட்ட பண்ணைகளை வாங்கத் தொடங்கியது. 1931-இல் அதற்குத் தொடர்ந்து பணம் ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை வாக்காளர்கள் ஏற்றார்கள். பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைத்த குடிமைப் பாதுகாப்புப் படை வந்து பைனும் ஸ்ப்ரூஸும் லார்ச்சும் வரிசை வரிசையாக நட்டது.

இந்தக் கதை கூடாரம் போடுபவருக்கு எதற்கு? அந்தப் பண்ணையை அழித்த அதே மண்படலம்தான் இன்று உங்கள் தரைப்பாயை நனைக்கப்போகிறது. மேட்டின் உச்சியில் சமதளமாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு நட்ட நடுவில் கூடாரம் அடித்தால், ஒரு மணி நேர மழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் கூடாரத்துக்கு அடியிலேயே தேங்கும். உச்சியை விட்டுச் சற்றே இறங்கிய, தண்ணீர் ஓடிவிடக்கூடிய மென்சரிவைத் தேடுங்கள்.

வரைபடத்தில் செய்ய வேண்டியது இதுதான். துறையின் இலவச வரைபடத்தில் காட்டின் எல்லையையும் பாதைகளையும் பாருங்கள். உயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடங்களை விலக்குங்கள். கோடுகள் அகன்று, ஓடைக் கோட்டிலிருந்து தள்ளி இருக்கும் தோள்போன்ற திட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செயற்கைக்கோள் படத்தில் இலையுதிர்ந்த காலத்துப் படமாகத் தேடிப் பாருங்கள். பழுப்பு நடுவே கரும்பச்சையாக, அளந்து வெட்டியதுபோல் நேர்க்கோட்டு விளிம்போடு தெரியும் சதுரங்கள்தான் பழைய நடவு. ஓடைப் பள்ளங்களில் ஒழுங்கில்லாமல் தெரியும் கரும்பச்சை ஹெம்லாக் மரங்கள். இரண்டு மூன்று இடங்களைக் குறித்து, அந்த வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, தாளிலும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பள்ளங்களில் சிக்னலை நம்ப முடியாது. எந்தப் பாதையில் நுழைகிறோம், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அதன் கீழே ரேஞ்சர்களின் 24 மணி நேர எண்ணையும் எழுதுங்கள்: 1-833-697-7264.

மூட்டை

ஜூலை இரவுகூட இங்கே 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். அக்டோபரில் உறைபனி சாதாரணம். அக்டோபருக்கு மைனஸ் 5 டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக் எடுங்கள். அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் பாய். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறுகிறது. பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் ஆர் மதிப்பு 3-க்கு மேல் இருக்கட்டும்.

பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் மழைச்சட்டை. லுங்கி இல்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் ஒன்று எடுத்துக்கொள்ளலாம், கூடாரத்துக்குள் மட்டும். தலைவிளக்கு, மாற்று பேட்டரி, திசைகாட்டி, சிறு முதலுதவிப் பெட்டி, விசில், தீப்பெட்டியும் லைட்டரும், கழிப்பறைக் கைமண்வெட்டி: இவற்றில் எதையும் விடக் கூடாது. கோடரி தேவையே இல்லை.

காரை நிறுத்துவது

டான்பிக்கு 96பி சாலை வழியாக வந்து மிச்சிகன் ஹாலோ சாலையில் நுழையலாம். காட்டுக்குள் போகும் மண்சாலைகள் பலவற்றில் டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம்வரை பராமரிப்பு கிடையாது என்று பலகை இருக்கும். பனியை யாரும் தள்ள மாட்டார்கள் என்று பொருள். மார்ச் இறுதியில் பனி போய்விட்டதே என்று சிறிய காரை இறக்கினால் சேற்றில் உட்கார்ந்துவிடும். இரும்புக் கதவுகளை மறித்து நிறுத்தாதீர்கள். தீயணைப்பு வண்டிக்கு அதுதான் வழி.

பாதையின் முக்கியத் தடத்தில் மரங்களில் வெள்ளைப் பட்டை இருக்கும். ஆரஞ்சு என்றால் சுற்றுப்பாதை. அப்பட் சுற்று அப்படி ஒன்று, ஏறத்தாழ 8 மைல், நடுவே தாட்சர்ஸ் பினாக்கிள் என்ற முகட்டில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். நீலப் பட்டை என்றால் குடிலுக்கோ தண்ணீருக்கோ போகும் கிளை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் கண்டால் திருப்பம் வருகிறது. மேல்பட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

அந்த ஏழடி நிலம்

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தேடத் தொடங்குங்கள். அக்டோபர் நடுவில் சூரியன் ஆறரைக்குள் மறைந்துவிடும், மரங்களுக்கு அடியில் அதற்கு அரை மணி முன்பே நிறங்கள் மங்கும். அவசரத்தில் தேர்ந்தெடுத்த இடம் எப்போதும் தவறான இடமாகவே இருக்கும்.

முதலில் 150 அடி. அது 45 மீட்டருக்குச் சற்று அதிகம். சமதளத்தில் பெரியவர் ஒருவருக்கு 60 எட்டு; சரிவிலும் விழுந்த மரங்களுக்கு இடையிலும் எட்டு சுருங்கிவிடும், 75 எண்ணுங்கள். பாதையை விட்டு விலகும் இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, மேட்டுப் பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள்.

மூட்டையை இறக்குவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இந்தக் காடுகளில் இன்றைக்கு உயிருக்கு மெய்யான ஆபத்து கரடி அல்ல, செத்து நிற்கும் ஆஷ் மரம். மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு 2009-இல் இம்மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு காடு காடாக ஆஷ் மரங்கள் செத்துவிட்டன. செத்த ஆஷ் சீக்கிரமே மொரமொரப்பாகி, காற்றே இல்லாத நாளில்கூட முறிந்து விழும். அடையாளம் காண்பது கடினமல்ல. புழுவைத் தேடி மரங்கொத்தி மேல்பட்டையைச் சீவித் தள்ளியிருக்கும், அதனால் கரும்சாம்பல் நிற மரத்தில் வெளிறிய மஞ்சள் திட்டுகள் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால், ஆங்கில எழுத்து டி-யைப்போல ஒரு பக்கம் தட்டையான சின்னஞ்சிறு துளைகள், வண்டு வெளியேறிய வழி. அடியில் உதிர்ந்த பட்டைச் சில்லுகள் கிடக்கும். அந்த மரம் எவ்வளவு உயரமோ அதைவிடக் கூடுதல் தூரம் தள்ளிப் போங்கள். பட்டை வெடித்துப் புண்ணாகிய பீச் மரத்துக்கும் இதே மரியாதை.

நடவுப் பைன் காடு பார்த்தவுடன் மயக்கும். ஊசியிலை மெத்தை, புதர் கிடையாது, வரிசைக்கு நடுவே கூடாரம் அச்சாகப் பொருந்தும். அமைதியான இரவுக்கு அதுவே சிறந்த இடம். ஆனால் அந்த இறுகிய மண்படலத்தால் வேர் ஆழம் போகவில்லை. பலத்த காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால், குறிப்பாக மண் நனைந்திருந்தால், அங்கே படுக்காதீர்கள். மரங்கள் ஒரே திசையில் வேரோடு சாய்ந்து கிடந்தால் அந்த இடம் தானே தன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

கல்சுவர்கள், இடிந்த அடித்தளக் குழிகள், நடுக்காட்டில் யாரோ நட்ட லைலாக் புதர் கண்டால் அங்கே ஒரு வீடு இருந்தது. நின்று பார்க்க அழகான இடம், படுக்க மோசமான இடம். பக்கத்தில் எங்கோ கிணறு இருக்கும், அதன் மூடி மக்கியிருக்கலாம். அங்கே கிடக்கும் பழைய பாட்டிலோ ஆணியோ எதையும் எடுத்துவராதீர்கள். பழைய ஆப்பிள் மரத்தடியும் வேண்டாம். செப்டம்பரில் மானும் கரடியும் இரவுச் சாப்பாட்டுக்கு அங்கேதான் வருகின்றன. முள் நிறைந்த பார்பெரி புதர்கள் அடர்ந்திருந்தால் உண்ணியும் அடர்ந்திருக்கும்.

பள்ளத்தின் அடிப்பகுதி சில்லிட்டுப்போகும், குளிர்காற்று இரவில் அங்கேதான் இறங்கித் தேங்குகிறது. ஓடைக்கரையைவிட நூறடி மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும்.

இத்தனையும் சரியாக இருந்தால் தரையைச் சோதியுங்கள். குதிகாலால் அழுத்தி ஒரு நிமிடம் பொறுங்கள். குழியில் ஈரம் கசிந்தால் வேறு இடம். சருகைத் தள்ளாமல், கல்லையும் குச்சியையும் மட்டும் பொறுக்கிவிட்டு, பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். தலை மேட்டுப் பக்கம் வர வேண்டும். கூடாரத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டும் பழக்கம் வேண்டாம். அது மண்ணை அரிக்கும். சரியான இடத்தில் அதற்குத் தேவையும் இருக்காது.

தண்ணீர்

நீர் மண்ணுக்குள் இறங்காத நிலம் என்பதால் ஓடைகள் மழைக்குப் பொங்கி, மழை நின்றதும் வற்றும். ஆகஸ்ட் கடைசியில் வரைபடத்தில் நீலக்கோடு இருந்தாலும் தரையில் வெறும் கல்தான் இருக்கக்கூடும். ஆளுக்கு மூன்று லிட்டரோடு உள்ளே நுழையுங்கள். ஓடைநீரை 0.1 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள், அல்லது தளதளவெனக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வையுங்கள். ஜியார்டியா என்ற குடற்கிருமிக்கு இரண்டில் ஒன்று போதும். மேலே மாட்டுப் பண்ணையோ சோள வயலோ இருக்கும் ஓடையைத் தொடாதீர்கள். உரத்தையும் பூச்சிமருந்தையும் வடிகட்டி நிறுத்தாது.

சாப்பாடும் கரடியும்

முதல் நாளுக்குப் புளியோதரை, அதைவிடச் சிறந்த பயண உணவு இன்னும் பிறக்கவில்லை. மறுநாளுக்கு வறுத்த ரவையில் கடுகும் மிளகாயும் தாளித்துச் சேர்த்து எடுத்துப்போனால் வெந்நீர் விட்டு உப்புமா. அவல், வெல்லம், கடலைமிட்டாய், ரசப்பொடி. கேஸ் அடுப்பு ஒன்றும் ஒரு பாத்திரமும் போதும். குக்கர் கொண்டுபோன குழுவையும் பார்த்திருக்கிறேன், விசில் சத்தத்துக்குக் காடே அதிர்ந்தது.

இங்கே இருப்பது கருங்கரடி. மனிதரைக் கண்டால் ஒதுங்கும், ஆனால் பெருங்காய வாசனையை விட்டு ஒதுங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கூடாரத்திலிருந்து 200 அடி தள்ளிச் சமையுங்கள். உணவு, குப்பை, பற்பசை, சோப்பு, லிப் பாம் எல்லாம் கரடிப் பெட்டி என்று விற்கும் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி அதே தூரத்தில் தரையில் வையுங்கள். கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதானால் தரையிலிருந்து 12 அடி, அடிமரத்திலிருந்து 6 அடி இருக்க வேண்டும். அதற்கேற்ற கிளை கிடைப்பது குதிரைக்கொம்பு. பெட்டி வாங்குவதே நிம்மதி. கரடி வந்துவிட்டால் ஓடாதீர்கள். எழுந்து நின்று, கையை உயர்த்தி, உரக்கக் கத்துங்கள்.

தீ

சமையலுக்கு அடுப்பு இருக்கும்போது தீ மூட்டாமல் இருப்பதே என் பரிந்துரை. மூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் விழுந்து கிடக்கும் காய்ந்த விறகு மட்டும், நிற்கும் மரத்தில் கை வைக்கக் கூடாது. ஏற்கெனவே கல்வட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் மூட்டுங்கள். பைன் ஊசிமெத்தையின்மேல் வேண்டவே வேண்டாம், அது அடியில் புகைந்துகொண்டே பரவும். வீட்டிலிருந்து விறகு கொண்டுவருபவர்களுக்கு: பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் நகர்த்துவது இம்மாநிலத்தில் சட்டப்படி தவறு. ஆஷ் துளைப்பான் ஊர்விட்டு ஊர் போனது அப்படித்தான். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும்.

காலைக்கடன்

தண்ணீர், பாதை, முகாம் மூன்றிலிருந்தும் குறைந்தது 150 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி. முடித்ததும் மண்ணை மூடிச் சருகைப் பரப்புங்கள். காகிதத்தைப் பையில் கட்டித் திரும்ப எடுத்துவாருங்கள். தண்ணீர் பயன்படுத்தும் நமக்கு இதில் இயல்பாகவே ஒரு வசதி உண்டு.

இரவு

முதல் இரவில் தூக்கம் கெடுவது சத்தங்களால். எட்டு அசையில் கேள்வி கேட்பதுபோல் கூவுவது வரி ஆந்தை. யாரோ பலமாகத் தும்மியதுபோல் கேட்டால் உங்களை மோப்பம் பிடித்த மான். தூரத்தில் கூட்டமாக ஊளையிடுவது கயோட்டி என்ற சிறு ஓநாய் வகை, கிட்டே வராது. கூடாரத்தின் காற்றுவழிகளைக் குளிருக்குப் பயந்து மூடிவிடாதீர்கள். மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிந்து விடிவதற்குள் சொட்டத் தொடங்கும்.

கிளம்பும்போதும், அதன் பிறகும்

கூடாரம் இருந்த இடத்தில் அமுங்கிய சருகைக் கையால் கிளறிவிடுங்கள். ஆரஞ்சுத் தோல், வெங்காயத் தோல் உட்பட எல்லாக் குப்பையும் பையில்.

இனி உண்ணி. லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணியின் இளம்பருவம் கசகசா விதை அளவுதான் இருக்கும். போவதற்கு முன்பே காற்சட்டை, காலுறை, காலணிகளில் 0.5 சதவீதப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவையுங்கள். அது துணிக்கு மட்டும். தோலுக்கு 20 சதவீதப் பிகாரிடின் என்ற பூச்சி விரட்டி. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், அழகு பார்க்க யாரும் இல்லை. வீடு திரும்பியதும் துணிகளைத் துவைப்பதற்கு முன்பே உலர்த்தும் இயந்திரத்தில் உச்ச வெப்பத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். குளித்துவிட்டு முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தொப்புள், காதுக்குப் பின்புறம், தலைமுடி என்று ஒவ்வோர் இடமாகத் தேடுங்கள். குழந்தைகளுக்குப் பெரியவர்கள் பார்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எதுவும் வேண்டாம். நோய் தொற்றப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் அன்றிரவே தேடுவதில் பலன் உண்டு. நாட்காட்டியில் தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த 30 நாட்களுக்குள் சிவந்து விரியும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போய், காட்டில் தங்கியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.